வீடு தருவதாகச் சொன்ன வாக்குறுதி எந்தக் கோப்பில் நிற்கிறது? கண்டறிவதற்கான முழுமையான வழிகாட்டி

தேர்தல் மேடையிலோ, வார்டுக் கூட்டத்திலோ, அடிக்கல் நாட்டு விழாவிலோ "இங்கே இருக்கும் எல்லோருக்கும் வீடு" என்று சொன்ன ஒருவர் பிறகு அதைப் பற்றிப் பேசாமல் போய்விட்டால், மக்கள் வழக்கமாக அவரிடமே திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிறார்கள். "மேலே அனுப்பியாயிற்று, வந்துவிடும்" என்ற பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலைச் சரிபார்க்க வழியுண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அரசு வீட்டுத் திட்டம் எதுவாக இருந்தாலும் நிலம், ஒப்புதல், நிதி, ஒப்பந்தம், பயனாளிப் பட்டியல், ஒதுக்கீடு என்ற கட்டங்களைக் கடந்தாக வேண்டும்; ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணும் தேதியும் கொண்ட ஓர் ஆவணம் உருவாகும். கடைசியாக உருவான ஆவணம் எது என்று தெரிந்துவிட்டால், யாரிடம் எதைக் கேட்பது என்பதில் குழப்பம் இருக்காது.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியது. இதிலுள்ள வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் நேராகத் தகவல் உரிமை மனுவில் தொடங்கி, தவறான அலுவலகத்துக்குத் தவறான கேள்வியை அனுப்பி, மாதங்களை இழந்துவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குடியிருக்கும் இடத்தின் சர்வே எண், வார்டு எண், குடும்ப அட்டை, ஆதார், மின் கட்டண அட்டை, வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். புறம்போக்கில் குடியிருப்பவர்கள், ஆக்கிரமிப்புக்கான அபராதத்துக்காக வருவாய்த் துறை தந்த பி மெமோ ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். அவை நிலத்தின் மீது உரிமை எதையும் தருவதில்லை. ஆனால் எந்த ஆண்டிலிருந்து அங்கே இருக்கிறீர்கள் என்பதை அரசின் சொந்தத் தாளே சொல்வதால், பிறகு கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டால் அவைதான் கைகொடுக்கும்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம் தேவை. மனு கொடுத்த தேதி, அலுவலகம், ஒப்புகை எண், பதில் வரவேண்டிய கடைசி நாள் ஆகிய நான்கையும் அதில் குறியுங்கள். சங்கமாகச் செயல்படுகிறீர்கள் என்றால், மனுக்கள் ஒருவர் பெயரில் மட்டும் போகாமல் இரண்டு மூன்று பேர் பெயரில் போகட்டும். அந்த ஒருவர் ஊர் மாறினாலோ, சமாதானப்படுத்தப்பட்டாலோ கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

1. சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்

"வீடு தருகிறேன்", "வீடு கட்டித் தர நடவடிக்கை எடுப்பேன்", "பட்டா வாங்கித் தருகிறேன்", "இதே இடத்தில் வீடு" ஆகிய நான்கும் வெவ்வேறு வாக்குறுதிகள். முதலாவதுக்குக் கட்டுமானம் வேண்டும்; இரண்டாவதை ஒரே ஒரு பரிந்துரைக் கடிதத்தால் நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லிவிடலாம்; மூன்றாவது வருவாய்த் துறையின் வேலை; நான்காவதில் இடம்தான் உயிர்நாடி, ஏனென்றால் சென்னை நகரத்தின் நடுவில் இருந்தவர்களுக்குத் தொலைவில் உள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ வீடு கிடைத்தால் அதை நிறைவேற்றமாக யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

எனவே நாளிதழ்ச் செய்தி, காணொளி, துண்டறிக்கை, அச்சிட்ட தேர்தல் அறிக்கை என்று எது கிடைத்தாலும் தேதியோடு சேமியுங்கள். காணொளி என்றால் உரிய பகுதியைச் சொல்லுக்குச் சொல் தாளில் எழுதி வையுங்கள். இணைப்பை மட்டும் குறித்துக்கொள்வது போதாது. தேர்தல் முடிந்ததும் காணாமல் போகும் காணொளிகள் ஏராளம்.

எத்தனை வீடு, எந்த இடம், எந்த ஆண்டுக்குள் என்ற மூன்றும் வாக்குறுதியில் இருந்தனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். கேட்டவர்கள் நினைவிலிருந்து எண்ணிக்கையைச் சேர்த்துவிடும் பழக்கம் உண்டு. ஒரே ஓர் எண் தவறானாலும் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று எதிர்த்தரப்பு முழுப் புகாரையும் தள்ளிவிட அது வழிசெய்யும்.

2. அது எந்த மேடையில் சொல்லப்பட்டது என்று வகைப்படுத்துங்கள்

தேர்தல் பரப்புரையில் சொன்னதற்குச் சட்டப்படியான கட்டாயம் இல்லை. சுப்பிரமணியம் பாலாஜி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி முறைகேடான நடவடிக்கை ஆகாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாகத் தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் ஒரு பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதிக்கான நியாயத்தையும் அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்பதையும் கட்சிகள் பொதுவாகவேனும் குறிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். அதை வைத்து ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கேள்வி கேட்கப் பயன்படும்.

சட்டப்பேரவையில் அமைச்சர் சொன்னதன் எடை வேறு. பேரவை விதிகளின் 110ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் வாசிக்கும் அறிவிப்பு, மானியக் கோரிக்கையின்போது (துறைவாரியான நிதி ஒதுக்கீட்டு விவாதம்) துறை அமைச்சர் செய்யும் அறிவிப்பு, உறுப்பினரின் கேள்விக்கு "பரிசீலிக்கப்படும்", "இவ்வாண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்று தரும் பதில் ஆகியவை அவைக் குறிப்பில் பதிவாகின்றன. அமைச்சர்கள் அவையில் தந்த உறுதிமொழிகளைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வந்தும் அது ஆய்வு செய்கிறது. உங்கள் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினர் பொதுக்கூட்டத்தில் சொன்னது அந்தக் குழுவின் வரம்புக்குள் வராது. அதே குடியிருப்பைப் பற்றி அமைச்சர் அவையில் ஒரு வரி சொல்லியிருந்தாலும் வரும். ஆகவே அவை நடவடிக்கைக் குறிப்புகளில் உங்கள் பகுதியின் பெயரைத் தேடிப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றத்தில் சொன்னதாக இருந்தால் தீர்மான எண் உண்டா என்று பாருங்கள். தீர்மானம் இல்லாத பேச்சு பேச்சாகவே இருந்துவிடும்.

3. சொன்னவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். வார்டு கவுன்சிலரால் வீடு ஒதுக்க முடியாது. அவரால் மன்றத்தில் கேள்வி எழுப்பவும், தீர்மானம் கொண்டுவரவும், நகரங்களில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்குக் கடிதம் எழுதவும் முடியும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. இரண்டும் பொதுப் பயன்பாட்டுக்கான பணிகளுக்குரியவை. தனி நபருக்கு வீடு கட்டித் தர இந்த நிதி கிடையாது. "என் நிதியிலிருந்து வீடு கட்டித் தருகிறேன்" என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வாக்குறுதி சொன்ன அன்றைக்கே நிறைவேற முடியாதது.

ஊராட்சித் தலைவரின் நிலை சற்று மாறுபட்டது. மாநில அரசின் ஊரக வீட்டுத் திட்டமான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஊராட்சித் தலைவருக்கு இடம் உண்டு. பட்டியலைக் கிராம சபை ஏற்க வேண்டும். பிரதமரின் ஊரக வீடு வசதித் திட்டத்தில் அவருக்கு அந்தச் செல்வாக்குக்கூட இல்லை. அதன் பட்டியல் 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பிலிருந்தும், பிறகு நடந்த கூடுதல் கணக்கெடுப்புகளிலிருந்தும் வந்தது. அந்தப் பட்டியலில் இல்லாத பெயரைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், அது இந்த வழிகாட்டிக்குரிய விஷயம் இல்லை. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குரியது.

சொன்னவரால் செய்யக்கூடியது எது என்று இந்தப் படியில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பத்தாவது படியில் அவரிடம் அதை மட்டும்தான் கேட்கப் போகிறீர்கள்.

4. நிலத்தைப் பாருங்கள்

நிறைவேறாத வீட்டு வாக்குறுதிகளில் பெரும்பாலானவை நிலத்தில்தான் சிக்கியிருக்கின்றன என்பது என் கணிப்பு. பணம் இல்லை என்று வெளியே சொல்லப்படும். கோப்பைத் திறந்தால் நிலத்தின் வகைப்பாடு தடையாக நிற்கும். ஆகவே நிதியைப் பற்றிக் கேட்பதற்கு முன் நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டின் (ஒவ்வொரு சர்வே எண்ணின் நில வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) விவரத்தையும் புல வரைபடத்தையும் எடுங்கள். பதிவேட்டில் அந்த நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே எத்தனை தலைமுறையாகக் குடியிருக்கிறீர்கள், தெருவிளக்கு இருக்கிறதா, ரேஷன் கடை இருக்கிறதா என்பவற்றைப் பதிவேடு பார்ப்பதில்லை.

நத்தம், அதாவது ஊரின் குடியிருப்பு நிலம் என்றிருந்தால் வழி எளிது. அரசு புறம்போக்கு என்றால், அது ஆட்சேபனையற்றதா, ஆட்சேபனைக்குரியதா என்று பார்க்க வேண்டும். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் ஆட்சேபனைக்குரியது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும், நீர்நிலைகள் குறித்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கும்வரை, அங்கே பட்டா தருவேன் என்று எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும் வட்டாட்சியர் கையெழுத்திட மாட்டார். மேய்ச்சல் நிலம் போன்ற ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களுக்கே வரன்முறை செய்து (சட்டப்படி முறைப்படுத்தி) தருவதை உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கண்டித்திருக்கிறது. கோயில் நிலம் அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் இருப்பது. ரயில்வே நிலம் மத்திய அரசுடையது. இவை இரண்டிலும் மாநில வருவாய்த் துறை தானாகப் பட்டா தந்துவிட முடியாது.

ஆட்சேபனைக்குரிய நிலத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. "இங்கே பட்டா எப்போது?" என்று கேட்டால் "முடியாது" என்ற ஒரு சொல்லோடு கோப்பு மூடப்படும். "மாற்றிடம் எங்கே, எந்தச் சர்வே எண்ணில், எத்தனை குடும்பங்களுக்கு முன்மொழியப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால் அதற்கு ஆவணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும்.

சென்னையைச் சுற்றியுள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1962 முதல் சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டர் தொலைவுக்குள், "பெல்ட் ஏரியா" என்று சொல்லப்படும் பகுதியில், புறம்போக்குக் குடியிருப்புகளை வரன்முறைப்படுத்தத் தடை இருந்தது. எத்தனையோ தேர்தல்களில் பட்டா வாக்குறுதி தரப்பட்டும் நிறைவேறாமல் போனதற்கு இந்தத் தடையே முக்கியக் காரணம்; வாக்குறுதி தந்தவர்கள் அதைச் சொன்னதில்லை. 2025 பிப்ரவரியில் மாநில அமைச்சரவை ஒருமுறை நடவடிக்கையாக இந்தப் பகுதியிலும் பிற நகரங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 86,000 பேருக்குப் பட்டா தர முடிவெடுத்தது. உங்கள் சர்வே எண் அந்தப் பட்டியலில் வந்ததா, வரவில்லையென்றால் எந்தக் காரணத்துக்காக விடுபட்டது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

வீடு கட்டப்போவதாகச் சொன்ன இடம் வேறு துறையின் நிலமாக இருந்தால், அது வாரியத்துக்கு ஒப்படைக்கப்பட்டதா என்பதையும் இந்தப் படியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒப்படைப்பு ஆணை இல்லாமல் நடந்த அடிக்கல் நாட்டு விழாவுக்குப் புகைப்படம் மட்டுமே மிஞ்சும்.

5. எந்தத் திட்டத்தின் பெயரில் சொன்னார்கள்

திட்டத்தின் பெயர் தெரியாமல் அலுவலகத்துக்குப் போனால் உங்களை மூன்று கட்டடங்களுக்கு அலைய விடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஊரகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகம். நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், 2021 வரை குடிசை மாற்று வாரியமாக இருந்து பெயர் மாறிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். நகரத்தில் சொந்த இடத்தில் கட்டிக்கொள்ள மானியம் என்றாலும் அதே வாரியம். வீட்டு வசதி வாரியம் என்பது தனி அமைப்பு, அதன் மனைகளும் வீடுகளும் விலைக்குரியவை. இந்த இரண்டு வாரியங்களையும் குழப்பிக்கொண்டு மனு அனுப்புபவர்கள் மிகுதி.

தொகையையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வாக்குறுதியில் சொன்ன தொகைக்கும் திட்டத்தின் தொகைக்கும் அடிக்கடி பொருத்தம் இருக்காது. 2024–25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. பிரதமரின் ஊரகத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கான அடிப்படை அலகுத் தொகை 1.2 லட்சம், மாநில அரசு அதன்மேல் கூடுதலாகத் தருகிறது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் முதல் கட்டத்தில் சொந்த மனையில் கட்டுபவருக்கு மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு 60 ஆயிரம் என்று மொத்தம் 2.1 லட்சம் கிடைத்தது. இவற்றுள் எதுவும் முழு வீட்டின் செலவை ஈடுகட்டாது. "இலவச வீடு" என்று சொல்லப்பட்டிருந்தால், மீதித் தொகையை யார் போடுவதாகச் சொன்னார்கள் என்பதும் உங்கள் கேள்விகளில் ஒன்று. வாரியத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கும் பயனாளியின் பங்களிப்புத் தொகை உண்டு; சாவி வாங்கும் நேரத்தில்தான் பலர் அதைக் கேள்விப்படுகிறார்கள்.

ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயரும் மாறும். 2010இல் 21 லட்சம் குடிசைகளை ஆறாண்டுகளில் காங்கிரீட் வீடுகளாக்கக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறியதும் ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்ற கணக்கில் சூரியசக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. 2010 கணக்கெடுப்பில் பெயர் பதிவானவர்கள் அந்த அடையாளச் சீட்டைத் தூக்கி எறிந்திருக்கக் கூடாது. கனவு இல்லம் திட்டத்துக்கு அந்தக் கணக்கெடுப்பும் ஓர் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

6. எந்த ஆவணத்தோடு நின்றது என்று ஊகியுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புக்கான ஆவண வரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும்: நிலம் ஒப்படைப்பு, திட்ட அறிக்கை, நிர்வாக ஒப்புதல் தரும் அரசாணை, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, பணி நிறைவுச் சான்று, பயனாளிப் பட்டியல், ஒதுக்கீட்டு ஆணை. மத்திய நிதி கலந்திருந்தால் மாநில அளவிலான குழுவும் மத்திய ஒப்புதல் குழுவும் இடையில் வரும்; மத்தியக் குழுவின் கூட்டக் குறிப்புகளில் நகர வாரியாகத் திட்டங்களின் பட்டியல் இருக்கும்.

மனு எழுதுவதற்கு முன்பே இவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையும், ஊரக வளர்ச்சித் துறையும் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகின்றன. வாக்குறுதி தந்த ஆண்டிலிருந்து இன்றுவரை வந்த குறிப்புகளை வரிசையாக வைத்து உங்கள் பகுதியின் பெயர் எங்கே வருகிறது, அடுத்த ஆண்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். "திட்ட அறிக்கை தயாரிக்கப்படுகிறது" என்ற வரி தொடர்ந்து சில ஆண்டுகள் வந்து பிறகு சத்தமில்லாமல் மறைந்திருந்தால், உங்களுக்கு வேண்டிய தடயம் அதுதான். ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதா என்பது மாநில அரசின் ஒப்பந்த இணையதளத்தில் தெரியும். ஊரகத் திட்டத்தில் ஊராட்சி வாரியாகப் பயனாளியின் பெயர், தவணை, கட்டுமான நிலை ஆகியவை மத்திய இணையதளத்தின் சமூகத் தணிக்கை அறிக்கையில் திறந்தே கிடக்கின்றன. கட்டப்படாத வீடு அங்கே "நிறைவு" என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

7. தகவல் உரிமை மனுவை எழுதுங்கள்

இப்போதுதான் மனுவுக்கான நேரம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 6(1) பிரிவின் கீழ், உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மாநில அரசின் இணையவழி மனுத் தளமும் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, 6(2) பிரிவு அதை உறுதிசெய்கிறது.

புதியவர்களின் மனு பெரும்பாலும் "எங்களுக்கு ஏன் இன்னும் வீடு தரவில்லை?" என்று தொடங்கும். சட்டத்தின்படி தகவல் என்பது ஏற்கனவே பதிவில் இருக்கும் பொருள். "ஏன்" என்பதற்கு விளக்கம் எழுதித் தர அலுவலருக்குக் கடமை இல்லை. "கோரியது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். ஆவணத்தைக் கேளுங்கள். உதாரணமாக:

"இன்ன வார்டு, இன்ன சர்வே எண்ணில் குடியிருப்புகள் கட்டுவது தொடர்பாக இன்ன ஆண்டு முதல் இன்றுவரை தங்கள் அலுவலகத்தில் தொடங்கப்பட்ட கோப்புகளின் எண், தலைப்பு, தற்போது அக்கோப்பு எந்தப் பிரிவில் உள்ளது என்ற விவரம்."

"மேற்படிப் பணிக்கு நிர்வாக ஒப்புதல் அளித்த அரசாணையின் சான்றிட்ட நகல்."

"மேற்படிப் பணிக்கு ஒதுக்கப்பட்ட, விடுவிக்கப்பட்ட, செலவிடப்பட்ட தொகை, ஆண்டு வாரியாக."

"மேற்படிப் பகுதிக்கு வீடு கோரி இன்ன தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து பெறப்பட்ட கடிதங்களின் நகல்களும், அவற்றுக்கு அனுப்பிய பதில்களின் நகல்களும்."

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "மேலே எழுதியிருக்கிறேன்" என்பது உண்மையா என்பதை அது ஒன்றுதான் காட்டும். 2022 ஆகஸ்டில் "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டத்துக்காக ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் தம் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு கேட்கப்பட்டது. உங்கள் தொகுதியிலிருந்து போன பத்தில் உங்கள் குடியிருப்பு இருந்ததா என்று ஆட்சியர் அலுவலகத்தில் அந்தப் பட்டியலின் நகலைக் கேட்டால், மேடையில் முதலிடத்தில் இருந்தது தாளில் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பது தெரிந்துவிடும்.

பயனாளிப் பட்டியல் தர மறுத்து, தனிநபர் விவரம் என்று பதில் வரக்கூடும். அரசு மானியத் திட்டங்களின் பயனாளி விவரங்களைக் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று 4(1)(b) பிரிவு சொல்வதை மனுவிலேயே எடுத்துக்காட்டுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்றவற்றைக் கேட்காதீர்கள். அவற்றைக் கேட்டால் மறுப்பதற்கு நீங்களே காரணம் தந்தவர் ஆவீர்கள்.

ஒரு மனுவில் ஒரே பொருளை வையுங்கள். நிலம் பற்றி வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், கட்டுமானம் பற்றி வாரியத்துக்கும் தனித்தனி மனு போகட்டும். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப 6(3) பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அந்த மாற்றலில் நாட்கள் ஓடிவிடும்.

8. பதில் வராவிட்டால்

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் நிறைவில்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. ஆணையத்தில் வழக்கு விசாரணைக்கு வர நெடுநாள் ஆகும். ஆனால் காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு என்பதால், முதல் மேல்முறையீட்டிலேயே பல கோப்புகள் அசையும்.

"கோப்பு காணவில்லை", "அவ்வாறு எந்தக் கோப்பும் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். வாக்குறுதிக்குப் பின் ஒரு கடிதம்கூட எழுதப்படவில்லை என்பதற்கு அரசு முத்திரையோடு கிடைத்த சான்று அது. கேட்டவற்றுள் மிகவும் பயன்படக்கூடிய பதில் சில சமயம் இதுதான்.

9. கட்டிய வீடு என்றால் நேரில் பாருங்கள்

சில வாக்குறுதிகள் நிறைவேறியதாகக் கணக்கில் இருக்கும். கட்டடமும் நிற்கும், ஒதுக்கீடு நடந்திருக்காது, அல்லது குடியேற முடியாத நிலை இருக்கும். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவின் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர்ப் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததும், அதன்பின் சென்னை ஐஐடி ஆய்வு செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். குடியேறியவர்கள் அதைக் காட்டியதால்தான் விஷயம் பேரவை வரை போனது.

தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு, பணியை நேரில் ஆய்வு செய்யவும், குறிப்பெடுக்கவும், பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் உரிமை தருகிறது. ஆய்வுக்குப் போகும்போது கட்டடப் பொறியியல் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பணியிடத்துப் பெயர்ப்பலகையில் உள்ள மதிப்பீட்டுத் தொகை, தொடங்கிய நாள், முடிக்க வேண்டிய நாள் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணம் பூசியபின் அந்தப் பலகை காணாமல் போவது வழக்கம்.

10. கிராம சபை, பகுதி சபை, பிறகு சொன்னவர்

ஆவணங்கள் கைக்கு வந்தபின்தான் பொதுவெளிக்குப் போக வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தில் எழுந்து பேசினால் மட்டும் பயனில்லை. நீங்கள் விரும்பும் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி, ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். "அனைவருக்கும் வீடு வழங்க வேண்டும்" என்ற தீர்மானத்தால் எதுவும் அசையாது. "இன்ன சர்வே எண்ணில் உள்ள இத்தனை குடிசைகளைக் கணக்கெடுத்து இன்ன திட்டத்தின் பட்டியலில் சேர்க்க வட்டார வளர்ச்சி அலுவலரைக் கோருவது" என்று எழுதினால் அதற்கு ஓர் அலுவலர் பதில் சொல்ல வேண்டி வரும். 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்த மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். உங்கள் ஊரிலும் அதே நிலை என்றால் முன்னாள் தலைவரின் வீட்டு வாசலில் நிற்பதால் நேரம்தான் வீணாகும்.

நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் இதே வேலைக்குரியவை. பகுதி சபை எப்போது கூடுகிறது என்றே பல வார்டுகளில் யாருக்கும் தெரிவதில்லை. கவுன்சிலரிடம் கேட்டுத் தேதியை வாங்குங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகை எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வாக்குறுதி தந்தவரிடம் போவது இதற்குப் பிறகுதான். குழுவாக, முன்கூட்டியே நேரம் கேட்டு, மரியாதையோடு போங்கள். "ஐயா, சொன்னதைச் செய்யவில்லையே" என்று தொடங்கினால் அவருக்குப் பழகிப்போன உரையாடல் அது. "நிர்வாக ஒப்புதல் இன்ன தேதியில் வந்திருக்கிறது, ஒப்பந்தப்புள்ளி இன்னும் கோரப்படவில்லை, இது பற்றி இந்தக் கூட்டத்தொடரில் நீங்கள் ஒரு கேள்வி எழுப்ப முடியுமா?" என்று கேட்டால், மூன்றாவது படியில் எழுதிய அவருடைய அதிகாரத்துக்குள் அடங்கும் ஒரு வேலையை நீங்கள் கேட்கிறீர்கள், செய்தாரா இல்லையா என்பது அடுத்த கூட்டத்தொடரில் தெரிந்துவிடும். எதிர்க்கட்சி உறுப்பினராலும் அந்தக் கேள்வியை எழுப்ப முடியும் என்பதை அவர் அறிவார், நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

11. நீதிமன்றம்

வாக்குறுதியை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்பது கடினம். டெல்லி வழக்கு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020 மார்ச் 29 அன்று அப்போதைய டெல்லி முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவால், ஏழை வாடகைதாரர்களால் வாடகை செலுத்த முடியாவிட்டால் அரசு செலுத்தும் என்று செய்தியாளர் சந்திப்பில் சொன்னார். அது நடைமுறைக்கு வராததால் தொடுத்த வழக்கில், முதலமைச்சரின் உறுதிமொழி செயல்படுத்தத் தக்கதே என்று 2021 ஜூலையில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. பதவியிலிருந்த முதலமைச்சர் சொன்னதற்கே இந்த நிலை என்றால், தேர்தல் வேட்பாளர் சொன்னதன் சட்ட மதிப்பை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

ஆனால் அரசாணை வெளியாகி, நிதி விடுவிக்கப்பட்டு, பட்டியலில் உங்கள் பெயர் இருந்தும் ஒதுக்கீடு நடக்கவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது உங்கள் வழக்கு வாக்குறுதியைச் சார்ந்தது ஆகாது, அரசின் சொந்த ஆணையைச் சார்ந்தது. முதலில் உரிய அதிகாரிக்கு எழுத்தில் கோரிக்கை மனு கொடுத்து, அதன் ஒப்புகையை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் அதைப் பரிசீலிக்கும்படி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) கோரலாம். வழக்கறிஞரிடம் போகும்போது அரசாணை நகல், தகவல் உரிமைப் பதில்கள், பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பக்கம், கோரிக்கை மனுவின் ஒப்புகை ஆகிய நான்கையும் தேதி வரிசைப்படி அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். கட்டணம் கட்ட இயலாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலேயே அங்கே இலவச உதவி கிடைக்கும்.